யானைக் காட்டில் காற்றுப்போன டயர்

“அண்ணே, பஞ்சிட்!”

பின்னால் அமர்ந்திருந்த தம்பி சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் பாம்பு நெளிவதுபோல் ஆடத் தொடங்கியிருந்தது. பிரேக்கைத் தொடாமல் வேகத்தை மெல்லக் குறைத்துச் சாலையோரப் புல்தரையில் நிறுத்தினேன். பின் டயர் சப்பையாகக் கிடந்தது.

நாங்கள் நின்ற இடம் கிரிக் - ஜெலி நெடுஞ்சாலை. பேராக்கையும் கிளந்தானையும் இணைக்கும் இந்தச் சாலை ஏறக்குறைய 120 கிலோமீட்டர் நீளம். வடக்கே பெலும் காடு, தெற்கே தெமெங்கோர் காடு. காட்டு யானைகள் சாலையைக் கடக்கும் இடம் என்பதால் யானைப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகைகள் வழிநெடுக இருக்கும். பண்டிங் பாலத்தைக் கடந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. கைப்பேசியில் அலைவரிசை இல்லை. மணி மாலை நான்கு. பத்து அடி தள்ளிச் சாலையோரத்தில் யானைச் சாணம் கிடந்தது. அது காய்ந்திருக்கவில்லை.

“அண்ணே, யானை வருமா?” என்று கேட்டான் தம்பி.

“அதற்குள் ஒட்டிவிடலாம்” என்றேன். அப்போது என் குரலில் இருந்த நம்பிக்கை, அடுத்த ஒரு மணி நேரத்தில் காணாமல் போகப்போகிறது என்று எனக்குத் தெரியாது.

மாணவர்களே, உங்களில் பலர் 16 வயது ஆனதும் பி2 உரிமம் எடுக்கக் காத்திருப்பீர்கள். சிலர் வீட்டில் அப்பாவின் கப்சாய்க்குப் பின்னால் அமர்ந்தே பள்ளிக்கு வருகிறீர்கள். பட்டறைக்காரர் இல்லாத இடத்தில் டயர் பஞ்சரானால் என்ன செய்வது? அதற்கு வேண்டியவை சில கருவிகள். அவற்றோடு, நீங்கள் வகுப்பில் ஏற்கெனவே படித்த அறிவியலும் வேண்டும்.

மோட்டாரைத் தாங்குவது எது?

“டயர்தான் தாங்குகிறது” என்பீர்கள். பாதி சரி. உண்மையில் பெரும்பாரத்தைத் தாங்குவது அதனுள் அடைபட்டிருக்கும் காற்று.

ஒரு கணக்குப் போடுவோம். என் மோட்டார் சைக்கிளும் நாங்கள் இருவரும் சேர்ந்து ஏறக்குறைய 220 கிலோ. இருவர் அமரும்போது பாரத்தின் பெரும்பகுதி பின்சக்கரத்தின்மீது விழும். அதை 140 கிலோ என்று வைத்துக்கொண்டால், விசை ஏறக்குறைய 1,370 நியூட்டன். இருவர் செல்லும்போது பின் டயரில் 280 கிலோபாஸ்கல் அழுத்தம் இருக்க வேண்டும் என்று என் மோட்டாரில் ஒட்டியிருக்கும் தாள் சொல்கிறது. விசையை அழுத்தத்தால் வகுத்தால் பரப்பளவு கிடைக்கும். விடை ஏறக்குறைய 49 சதுர சென்டிமீட்டர்.

அது எவ்வளவு பெரியது தெரியுமா? சட்டைப் பையில் வைக்கும் ஒரு பெயர் அட்டையின் அளவு. அவ்வளவுதான் டயர் தரையைத் தொடும் இடம். டயர்ச் சுவரின் விறைப்பும் சிறிது உதவும் என்பதால் இது தோராயமான கணக்கே. இருந்தாலும், 140 கிலோவை ஒரு பெயர் அட்டை அளவு இடத்தில் காற்று தாங்கிக்கொண்டிருக்கிறது என்பது வியப்பாக இல்லையா?

காற்று வெளியேறினால் அழுத்தம் குறையும். அதே பாரத்தைத் தாங்க டயர் மேலும் மேலும் தரையில் பரவும். கடைசியில் ரிம் டியூபின்மீதே உட்கார்ந்துவிடும். அந்த நிலையிலும் ஓட்டிக்கொண்டு போனால், ஓர் ஊசி முனை அளவு ஓட்டையோடு முடிந்திருக்க வேண்டியது, டியூப் கிழிந்து கந்தலாவதில் போய் முடியும். பஞ்சர் என்று தெரிந்ததும் நிறுத்துவதே முதல் பழுதுபார்ப்பு.

வளையல் தந்திரம்

புகைபோக்கி ஆறும்வரை சற்றுக் காத்திருந்தோம். பிறகு மோட்டாரை நடு ஸ்டாண்டில் நிறுத்தினேன். பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுழன்றது. சக்கரத்தைக் கழற்றவில்லை. ஓட்டை இருக்கும் பகுதியை மட்டும் வெளியே இழுக்க முடிந்தால் போதும். சங்கிலியையும் பிரேக்கையும் தொடாமலேயே வேலையை முடிக்கலாம்.

வால்வின் உள்ளூசியைத் திருகி எடுத்து மீதிக் காற்றையும் வெளியேற்றினேன். வால்வின் அடியில் இருந்த நட்டைத் தளர்த்தினேன். அடுத்தது டயரின் ஓர் ஓரத்தை ரிம்முக்கு வெளியே எடுப்பது. பலரும் மூச்சு வாங்குவது இங்கேதான்.

டயரின் ஓரத்துக்குள் எஃகுக் கம்பி வளையம் ஒன்று இருக்கிறது. அது நீளாது. ரிம்மின் விளிம்போ அந்த வளையத்தைவிடப் பெரியது. சிறிய வளையம் பெரிய விளிம்பைத் தாண்டி எப்படி வெளியே வரும்?

வளையல் போடும்போது அம்மா என்ன செய்வார்? வளையல் நீளாது, எனவே கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக் கையைக் குறுக்குவார். டயருக்கும் அதே தந்திரம்தான். ரிம்மின் நடுப்பகுதி விளிம்பைவிடப் பள்ளமாக இருக்கும். டயர் ஓரத்தின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்துக்குள் அழுத்தித் தள்ளினால், நேர் எதிர்ப் பக்கத்தில் ஓரம் தளரும். அந்தத் தளர்ந்த பக்கத்தில்தான் நெம்பியைப் போட வேண்டும்.

பள்ளத்தில் தள்ளாமல் நெம்பினால் என்ன ஆகும்? நெம்பி ஒரு நெம்புகோல். கைப்பிடிப் பக்கம் 24 சென்டிமீட்டர், முனைப் பக்கம் 2 சென்டிமீட்டர் என்றால், நீங்கள் கொடுக்கும் விசை 12 மடங்காகும். அந்த 12 மடங்கு விசை நீளாத கம்பியோடு போராடும். இடையில் மாட்டிக்கொண்ட டியூபைக் கடித்துக் கிழிக்கும். பஞ்சர் ஒட்டப் போய்ப் புதிய ஓட்டை போட்டுக்கொண்டவர்கள் பலர். “பலம் போதவில்லை” என்று தோன்றினால், பலத்தைக் கூட்டாதீர்கள். எதிர்ப் பக்கம் பள்ளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் ஒட்டு, முதல் தவறு

டியூபை வெளியே இழுத்து, உள்ளூசியைத் திருகிச் சிறிது காற்றடித்தேன். தண்ணீர்த் தொட்டி இருந்தால் அமிழ்த்திக் குமிழி பார்க்கலாம். அங்கே அதற்கு வழியில்லை. உதட்டை நனைத்துக்கொண்டு டியூபை முகத்தருகே மெதுவாக நகர்த்தினேன். ஈரமான தோலின்மீது காற்றுப் பட்டால் நீர் வேகமாக ஆவியாகி, அந்த இடம் குளிரும். காதுக்குக் கேட்காத கசிவைக்கூட உதடு காட்டிக்கொடுக்கும். ஓட்டை அகப்பட்டது. எச்சில் தடவினேன், சின்னக் குமிழிகள் வந்தன.

என்னிடம் இருந்தவை இரண்டே ஒட்டுகள். ஒன்றை ஒட்டினேன். டியூபை உள்ளே தள்ளி, டயரை மாட்டி, கைப்பம்பால் மாறி மாறிக் காற்றடித்தோம். மணி ஐந்து ஆகிவிட்டது. வெற்றிக் களிப்போடு கிளம்பினோம்.

ஐந்து கிலோமீட்டர்கூடப் போகவில்லை. மறுபடியும் பாம்பு நெளிந்தது.

காரணத்தைத் தேடாதவன்

மறுபடியும் டியூபை வெளியே எடுத்தேன். நான் போட்ட ஒட்டு உறுதியாகவே இருந்தது. அதற்கு இரண்டு விரல் தள்ளிப் புதிதாக ஒரு ஓட்டை!

அப்போதுதான் என் தவறு உறைத்தது. வகுப்பில் நாள் தவறாமல் “காரணம், விளைவு” என்று பாடம் நடத்துபவன் நான். விளைவை மட்டும் ஒட்டிவிட்டுக் காரணத்தை டயருக்குள்ளேயே விட்டுவிட்டேன். டியூபைக் குத்தியது எது என்று ஒரு முறைகூடத் தேடவில்லை.

இந்த முறை தேடினேன். எங்கே தேடுவது? அதற்கு வால்வு வழிகாட்டும். வால்வு ரிம்மில் ஒரே இடத்தில்தான் நிற்கும். வால்விலிருந்து ஓட்டை எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று அளந்துகொண்டால், டயரில் அதே தூரத்தில், அதே திசையில் குற்றவாளி இருக்க வேண்டும். என் இரண்டு ஓட்டைகளும் அருகருகே இருந்தன. டியூபை மறுபடி மாட்டியபோது அது சற்று நகர்ந்திருக்கிறது, குற்றவாளி நகரவில்லை.

ஓட்டையின் இடமே பல செய்திகளைச் சொல்லும். தரைப் பக்கம் பார்த்த ஓட்டை என்றால், சாலையில் கிடந்த ஏதோ ஒன்று குத்தியிருக்கிறது. ரிம் பக்கம் பார்த்த ஓட்டை என்றால், ரிம்மில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆரக்கம்பியின் முனையைச் சந்தேகிக்க வேண்டும். பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல்கள் இருந்தால், காற்றுக் குறைவாக இருந்தபோது குழியில் விழுந்து, ரிம் டியூபைக் கடித்திருக்கிறது. அதற்கு ஆணியைத் தேடிப் பயனில்லை.

டயரின் உட்புறத்தில் வெறும் விரலை ஓடவிடக் கூடாது. குத்தியிருப்பது விரலையும் கிழிக்கும். கைக்குட்டையைச் சுருட்டி உள்சுவர் நெடுகத் தேய்த்தேன். ஓரிடத்தில் துணி சிக்கியது. முடியைவிடச் சற்றுத் தடிமனான ஓர் எஃகுக் கம்பி! வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே இல்லை. லாரி டயர்கள் வெடித்துச் சாலையில் சிதறும்போது, அவற்றுக்குள் இருக்கும் எஃகு இழைகளும் சிதறுகின்றன. அவற்றில் ஒன்றுதான் எங்கள் டயரில் ஏறியிருக்க வேண்டும். சிறிய பிளையரால் பிடுங்கி எடுத்தேன். ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இல்லை.

ஐந்து நிமிடப் பொறுமை

மணி ஆறை நெருங்கிவிட்டது. கையில் இருப்பது கடைசி ஒட்டு. காட்டுக்குள் எங்கோ கிளை முறியும் சத்தம். தம்பி என்னைப் பார்த்தான். நான் பசைக் குழாயைப் பார்த்தேன்.

முதலில் ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்தேன். டியூபின் மேற்பரப்பில் தூசும் மாவுப் பொடியும் பழைய ரப்பர்ப் படலமும் இருக்கும். பசை அவற்றின்மீது ஒட்டினால், அவற்றோடு சேர்ந்தே உரிந்து வரும். தேய்த்த பிறகு புதிய ரப்பர் தெரியும். பரப்பு சொரசொரப்பாவதால் பசை பற்றிக்கொள்ளும் இடமும் கூடும். தேய்க்கும் பரப்பு ஒட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும்.

பிறகு பசையை மெல்லியதாகத் தடவினேன். இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள்: பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டை அழுத்திவிடுவார்கள். இந்தப் பசை சாதாரணக் காகிதப் பசை அன்று. இது கரைப்பானில் கரைக்கப்பட்ட ரப்பர். கரைப்பான் ஆவியாகிப் போன பிறகுதான் பசையிலுள்ள ரப்பர் டியூபின் ரப்பரோடும் ஒட்டின் ரப்பரோடும் பிணையும். அவசரப்பட்டு மூடினால், வெளியேற வழியில்லாத கரைப்பான் ஒட்டுக்கு அடியிலேயே தங்கி, பிடிப்பைக் கெடுக்கும். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஈரம் ஒட்டாமல், லேசாகப் பிசுபிசுக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆகும்.

யானைக் காட்டில் ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

அந்த ஐந்து நிமிடத்தில் என் பாட்டியின் நினைவு வந்தது. விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவியவர் அவர். பிரேசில் நாட்டு மரமான ரப்பரின் கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கும் பேராக்கின் கோலகங்சாருக்கும் வந்தன. பின்னர் உலகம் முழுவதும் வண்டிகள் ஓட, நம் தோட்டங்களில் நம் முன்னோர் பால் சீவினார்கள். பச்சைப் பாலைக் காயவைத்தால் கிடைக்கும் ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குறை நீங்குவதைக் கண்டறிந்தார். நூல் நூலாகக் கிடந்த ரப்பர் மூலக்கூறுகளுக்கு இடையே கந்தகம் பாலம் போட்டு, அவற்றை வலைபோல் பின்னிவிடுகிறது. 1888இல், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜோன் பாய்ட் டன்லப், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்று முயன்றதன் பலன் அது. ராபர்ட் வில்லியம் தோம்சன் என்பவர் 1845லேயே இதே எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால், அன்று அது பரவவில்லை.

பசை காய்ந்தது. ஒட்டை நடுவில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கட்டைவிரலால் அழுத்தினேன். அடியில் காற்று சிக்காமல் இருக்க அதுதான் வழி. பிறகு நெம்பியின் பிடியால் பலமாகத் தேய்த்தேன்.

முந்நூற்று முப்பது முறை

டியூபை மறுபடி உள்ளே தள்ளும்போது சிறிது காற்றை அடித்துக்கொண்டேன். டியூப் உருண்டையாக இருந்தால் மடியாது, முறுக்கிக்கொள்ளாது, ஓரத்தில் சிக்காது. டயரின் ஓரத்தைக் கூடுமானவரை கையாலும் குதிகாலாலுமே உள்ளே தள்ளினேன். கடைசித் துண்டு இறுகியபோது, எதிர்ப் பக்கத்தை மறுபடி பள்ளத்தில் அழுத்தினேன். வளையல் நுழைந்தது.

பிறகு பம்ப். தம்பி எண்ணிக்கொண்டே அடித்தான். பாதியில் நான் வாங்கிக்கொண்டேன். மொத்தம் 330 முறை.

ஏன் இவ்வளவு? பாயில் விதியைக் கொண்டு நீங்களே கணக்கிடலாம். வெப்பநிலை மாறாதபோது, வாயுவின் அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் வரும் விடை மாறாது. டியூபின் கொள்ளளவை 5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல். அதற்கு மேல் 280 கிலோபாஸ்கல் ஏற வேண்டுமானால், வெளிக்காற்று ஏறக்குறைய 14 லிட்டர் கூடுதலாக உள்ளே போக வேண்டும். எங்கள் பம்ப் ஒரு தடவைக்கு 50 மில்லிலிட்டர் காற்றைத் தள்ளும். 14,000ஐ 50ஆல் வகுத்தால் 280. குழாயில் தங்கும் காற்று, கசிவு எல்லாவற்றையும் சேர்த்தால் 330 என்பது சரியாகத்தான் இருக்கிறது.

“பெரிய பம்ப் வாங்கியிருக்கலாமே” என்றான் தம்பி, மூச்சிரைக்க. பம்ப் தடித்தால் எண்ணிக்கை குறையும். ஆனால் தள்ள வேண்டிய விசை கூடும். எங்கள் பம்பின் உள்வாய் ஏறக்குறைய 2.5 சதுர சென்டிமீட்டர். 280 கிலோபாஸ்கலில் அதைத் தள்ள 70 நியூட்டன் வேண்டும். அதாவது 7 கிலோ அரிசிப் பையைத் தூக்கும் விசை. உள்வாய் இரண்டு மடங்கானால் 14 கிலோ. எண்ணிக்கையா, பலமா? இயற்பியலில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. பம்பின் முனை சூடாகியிருந்ததைத் தம்பி தொட்டுப் பார்த்து வியந்தான். காற்றை வேகமாக நெருக்கும்போது நம் கைகள் செய்யும் வேலை வெப்பமாக மாறுகிறது.

கிளம்பியபோது ஆறரை மணி. வேகத்தைக் குறைத்தே ஓட்டினேன். இருள் சூழ்ந்த பிறகு ஜெலியின் விளக்குகள் தெரிந்தன. யானையைப் பார்க்கவில்லை. யானை எங்களைப் பார்த்திருக்கலாம்.

உங்கள் வீட்டு மோட்டாரில் என்ன இருக்கிறது?

இன்று அப்பாவிடமோ அண்ணனிடமோ கேளுங்கள்: “நம்முடையது டியூப் உள்ள டயரா, டியூப் இல்லாததா?” டியூப் இல்லாத டயர் என்றால் வேலை எளிது. ஆணியைப் பிடுங்கி, பசை தடவிய ரப்பர்த் திரியை வெளியிலிருந்தே ஓட்டைக்குள் செருகலாம். டயரைக் கழற்ற வேண்டியதில்லை. டியூப் உள்ள டயர் என்றால், இருக்கைக்கு அடியில் இவை இருக்கட்டும்: இரண்டு நெம்பிகள், ஒட்டுகள், பசை, உப்புத்தாள், வால்வு ஊசியைத் திருகும் சாவி, வால்வு நட்டுக்கு ஏற்ற திறப்பான், சிறிய பிளையர், கைப்பம்ப், ஒரு பழந்துணி. திறந்த பசைக் குழாய் சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துவிடும். அவ்வப்போது அமுக்கிப் பாருங்கள். வால்வை ஒட்டி டியூப் கிழிந்திருந்தால் ஒட்டு நிற்காது. தூரப் பயணத்துக்கு ஒரு மாற்று டியூபும் எடுத்துச் செல்வது நல்லது.

பழைய டியூப் ஒன்று கிடைத்தால் ஊசியால் குத்தி, வீட்டு முற்றத்திலேயே ஒட்டிப் பழகுங்கள். காட்டில் முதன்முறையாகக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

அந்த எஃகுக் கம்பியை நான் தூக்கி எறியவில்லை. ஒளிநாடாவால் ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி, என் வகுப்பறை மேசையில் வைத்திருக்கிறேன். பரிசோதனை தவறாகப் போனது என்று முகம் வாடி வரும் மாணவரிடம் அதைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்பேன்:

“ஒட்டிவிட்டாய், சரி. கம்பியை எடுத்தாயா?”